நான்கு போட்டிக்குப் பெயர் கொடுத்து, தனியாக உலக மூத்தோர் தடகளத்துக்குப் போன அனுபவம்

அறுபது வயதுக்கு மேல் மைதானத்துக்கு வருகிற பெண்களுக்கு, அதிலும் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று எல்லாவற்றிலும் ஆசைப்படுகிறவர்களுக்கு, பயிற்சி சொல்லித்தர எப்படியோ ஒரு ஆள் கிடைத்துவிடுகிறார். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்க வேண்டும், தினமும் போடுகிற ரத்த அழுத்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது, ஒரே நாளில் இரண்டு போட்டி வந்தால் எதை விடுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. 2022-ல் பின்லாந்தின் தம்பரே நகரில் நடந்த உலக மூத்தோர் தடகளப் போட்டிக்கு நான் தனியாகப் போய் வந்தேன். சுமார் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. பெயர் கொடுத்த நான்கு போட்டிகளில் இரண்டில்தான் இறங்க முடிந்தது. காலில் ஒரு கிழிசலோடு திரும்பி வந்தேன். கோவை நேரு ஸ்டேடியத்தில் காலையில் என்னைப் பார்க்கிற பெண்கள் அடுத்த உலகப் போட்டிக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், கண்டிப்பாகப் போங்கள். எனக்கு யாரும் சொல்லாததை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அளவில் ஈட்டி எறிந்தேன், நீளம் தாண்டினேன். அப்புறம் கல்யாணம், தொலைபேசித் துறையில் வேலை, இரண்டு பிள்ளைகள். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. முப்பத்தைந்து வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குள் மட்டும் போட்டி வைப்பார்கள். முதல் உலகப் போட்டி 1975-ல் கனடாவின் டொராண்டோவில் நடந்தது. போட்டி தொடங்கும் நாளில் உங்கள் வயது என்னவோ அதுதான் பிரிவை முடிவு செய்யும். அதனால் புதிதாக அறுபதைத் தொட்டவர் அந்தப் பிரிவில் இளையவர். போட்டித் தேதிக்கு முன் பிறந்தநாள் வருகிறதா என்று பார்த்து ஒரு வருடம் காத்திருப்பவர்களும் உண்டு. நானும் அறுபது முடிந்த பிறகுதான் உலகப் போட்டியைப் பற்றி யோசித்தேன்.

எறிகிற பொருளின் எடையும் வயதோடு மாறும். இது தெரியாமல் பணம் போகும், தோளும் போகும். பெண்களுக்கு ஐம்பது வயது முதல் எழுபத்து நான்கு வரை குண்டு 3 கிலோ, ஈட்டி 500 கிராம். எழுபத்தைந்துக்கு மேல் 2 கிலோ, 400 கிராம். ஆண்களில் அறுபதுகளில் இருப்பவர்களுக்கு 5 கிலோ குண்டு, 600 கிராம் ஈட்டி. விளையாட்டுச் சாமான் கடையில் ‘லேடீஸ் குண்டு’ என்று கேட்டால் 4 கிலோவைத்தான் எடுத்துத் தருவார்கள். அதை வைத்து ஒரு மழைக்காலம் முழுக்கப் பயிற்சி செய்து தோள்வலியோடு கிடந்தேன். வயதைச் சொல்லி, எடையைச் சொல்லிக் கேளுங்கள். வாங்கியதும் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

ஏன் ஒரே போட்டியோடு நிற்கவில்லை என்று பலர் கேட்டார்கள். ஓல்கா கொடெல்கோ என்ற கனடா பெண்மணியைப் பற்றிப் படித்ததுதான் காரணம். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபத்தேழு வயதில்தான் தடகளத்துக்கு வந்தார். ஓட்டம், தாண்டுதல், குண்டு, வட்டு, ஈட்டி, சம்மட்டி என்று எதையும் விடவில்லை. 2014-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்போது அவர் பெயரில் 30-க்கும் மேற்பட்ட உலக சாதனைகள் இருந்தன. 750-க்கும் மேற்பட்ட தங்கப் பதக்கங்கள் வாங்கியிருந்தார். அந்த வயதில் எதிர்த்து ஆட ஆளே குறைவு, பதக்கம் சுலபம் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் கடிகாரமும் அளவு நாடாவும் இருக்கின்றன. அந்த வயதில் அத்தனை விதமான அசைவுகளுக்கு உடம்பைப் பழக்கி வைத்திருந்ததே பெரிய சாதனை. நானும் மாநிலப் போட்டிகளில் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு, ஈட்டி நான்கிலும் இறங்கினேன். தாண்டுதலிலும் ஈட்டியிலும் தங்கம் வாங்கியிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

பல போட்டிகளில் இறங்குபவருக்கு முதல் பிரச்சினை கால அட்டவணை. மாநிலப் போட்டி ஒன்றில் நான் நீளம் தாண்டிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் 100 மீட்டர் ஹீட்ஸுக்கு, அதாவது முதல் சுற்று ஓட்டத்துக்கு, கூப்பிட்டார்கள். நான் ஓட, நீளம் தாண்டுதலில் என் முறை வந்து போயேவிட்டது. ஆள் இல்லாவிட்டால் அந்த வாய்ப்பைத் தானே விட்டுக்கொடுத்ததாகத்தான் எழுதுவார்கள். அப்புறம் ஒரு வயதான நடுவர் விதியைச் சொன்னார். இரண்டு போட்டிகள் மோதும்போது முன்கூட்டியே போய்ச் சொன்னால், அந்தச் சுற்றுக்குள் உங்கள் முறையை முன்னாலோ பின்னாலோ மாற்றித்தர ரெஃபரிக்கு அதிகாரம் உண்டு. கடைசிச் சுற்றில் மட்டும் பொதுவாக மாற்ற மாட்டார்கள். கூப்பிட்ட பிறகு ஓடிப்போய்க் கெஞ்சுவதில் பயனில்லை. போட்டி தொடங்குமுன் இரண்டு இடத்திலும் சொல்லி வையுங்கள். நம் ஊர் மீட்களில் கேட்டால் செய்துதருகிறார்கள்.

உலகப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கட்டம் வந்தபோது என் பயிற்சியாளர், என் மகன் வயதுப் பையன், “அம்மா, நாலுக்கும் குடுக்காதீங்க. ரெண்டு போதுமுங்க” என்றான். ஒவ்வொரு ஈவெண்ட்டுக்கும் தனிக் கட்டணம், அதற்கு மேல் பொதுப் பதிவுக் கட்டணம். இவ்வளவு தூரம் போகிறோம், நான்கையும் ஆடிவிடலாம் என்று தோன்றியது எனக்கு. அந்த ஆசை தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை.

பணம் கட்டுமுன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். நம் நாட்டில் மாஸ்டர்ஸ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் போட்டி நடத்துகின்றன. நீங்கள் போக நினைப்பது உலக மூத்தோர் தடகள அமைப்பின் போட்டி என்றால், அதன் இணையதளத்தில் இந்தியாவுக்கு எந்த அமைப்பு உறுப்பினர் என்று பார்த்து அதன் வழியாகப் போங்கள். உலக மாஸ்டர்ஸ் விளையாட்டு விழா என்பது முற்றிலும் வேறு. சண்டிகரைச் சேர்ந்த மன் கவுர் அம்மா 2017-ல் தன் 101-வது வயதில் ஆக்லாந்தில் 100 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கியது அந்த விழாவில்தான். இரண்டும் நல்லவைதான். பதிவு, தகுதி, சான்றிதழ் எல்லாம் தனித்தனி.

அடுத்தது மாத்திரை. இது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. மூத்தோர் போட்டிகளிலும் ஊக்கமருந்து விதிகள் அப்படியே பொருந்தும், சோதனையும் நடக்கும். நான் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த ரத்த அழுத்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஒரு எழுத்து இருந்தது. ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற, சிறுநீரைப் பெருக்கும் மருந்து அதில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வகை மருந்துகள் தடைப் பட்டியலில் இருக்கின்றன. சர்க்கரைக்குப் போடும் இன்சுலினும் பட்டியலில் இருக்கிறது. மெட்ஃபார்மின் இல்லை. என் இதய மருத்துவரிடம் போனபோது அவருக்கே இந்தக் கோணம் புதிதாக இருந்தது. மருந்தை மாற்றி, சில வாரம் அழுத்தத்தைக் கவனித்து, டிரெட்மில் சோதனையும் எடுத்துப் பார்த்த பிறகுதான் சரி என்றார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. மாற்ற முடியாத மருந்து என்றால் மருத்துவக் காரணத்துக்கான விலக்குக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதற்கும் நாள் பிடிக்கும் என்பதால் ஆறு மாதம் முன்பே மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். சளி மருந்து, புரோட்டீன் பவுடர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்னை நிஜமாகவே உலுக்கியது பெயர் விவகாரம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருந்தது, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. பதிவுப் படிவம் கடைசிப் பெயர் இல்லாமல் நகரவே இல்லை. இந்தியாவில் எல்லா மீட் சான்றிதழிலும் இருப்பதுபோல இனிஷியலைப் போட்டேன். அதன்படியே அழைப்புக் கடிதம் வந்தது. விசா விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் பெயர்தான் வர வேண்டும். இரண்டும் பொருந்தவில்லை. திருத்திய கடிதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, அதற்குள் கிடைத்திருந்த நேர்காணல் தேதி போய்விட்டது. அது 2022 கோடை. கொரோனா முடிந்து எல்லோரும் ஐரோப்பாவுக்குக் கிளம்பிய சமயம், அடுத்த தேதி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. இரவெல்லாம் தூங்காமல் செல்போனில் தேதி திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பின்னால் யாராவது இந்தக் கட்டத்தில் நின்றால் கேளுங்கள்: பதிவு செய்யும் முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர் கட்டத்தில் சேர்த்துவிடுங்கள். அதே எழுத்துக்கூட்டல் பதிவிலும், டிக்கெட்டிலும், காப்பீட்டிலும் வரட்டும்.

தங்குமிடம், ரயில், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் நாற்பத்தைந்தாயிரம் முன்பணம் வாங்கியிருந்தார். விசா தாமதமாகி நான் குழுவோடு கிளம்ப முடியாமல் போனதும் அந்தப் பணம் திரும்பி வரவில்லை. ரசீது என்று கையில் இருந்தது ஒரு வாட்ஸ்அப் செய்திதான். விமான டிக்கெட் தேதியை மாற்ற இன்னும் இருபத்திரண்டாயிரம். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத எதற்கும் பணம் கட்டாதீர்கள். கொஞ்சம் விலை கூடினாலும், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டையே எடுங்கள்.

கணவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் தனியாகத்தான் கிளம்பினேன். ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து திக்குரிலா என்ற நிலையம் வரை ஒரு ரயில், அங்கே மாறி வடக்கே போகிற ரயிலில் தம்பரே. நான் போய்ச் சேர்ந்தபோது நீளம் தாண்டுதல் முடிந்திருந்தது. ராட்டினா ஸ்டேடியத்தின் வெளியே ஒட்டியிருந்த முடிவுத் தாளில் என் பெயருக்கு எதிரே வரவில்லை என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அழுகை வந்தது. ஐம்பது வருடம் கழித்து ஒரு பெரிய குழியில் தாண்டப்போகிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

அங்கே ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் இரவு பதினொரு மணி வாக்கில்தான் மறைகிறது. அதற்கப்புறமும் வானம் முழுதாக இருட்டுவதில்லை. கண்பட்டி இல்லாமல் தூங்கவே முடியாது. காலையில் நம் ஊர் மார்கழியைவிடக் குளிர். இந்தக் குளிரை வெறும் அசௌகரியமாகத்தான் நினைத்தேன். காலுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று 100 மீட்டரில் தெரிந்தது.

என் 100 மீட்டர் ஹீட்ஸ் காலையில், ஈட்டி அதே நாள் பிற்பகல். பயிற்சி மைதானத்தில் நன்றாகவே உடம்பைச் சூடாக்கிக்கொண்டேன். அப்புறம் ‘கால் ரூம்’ (call room), போட்டிக்கு முன் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் அறை. பெயர் சரிபார்த்து, நம்பர் பார்த்து, ஸ்பைக்ஸ் காலணியின் ஆணி நீளம் பார்த்து வரிசையாக உட்காரவைத்தார்கள். மண் தரைக்குப் போடுகிற நீள ஆணி சிந்தெடிக் டிராக்கில் செல்லாது. ஓட்டத்துக்கு 9 மில்லிமீட்டர்தான் உச்சவரம்பு, 6 மில்லிமீட்டரே போதும். அந்த அறையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் கோவை வெயிலில் பழகிய என் தசைகள் ஆறிப்போயின. பக்கத்தில் இருந்த பெண்கள் யாரும் பேன்ட்டைக் கழற்றவில்லை, நின்ற இடத்திலேயே முட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். டிராக்குக்குப் போனால் சிலர் நின்றபடியே ஓட்டத்தைத் தொடங்கினார்கள். மூத்தோர் போட்டியில் ஸ்டார்ட்டிங் பிளாக், அதாவது காலை ஊன்றிக் கிளம்பும் கட்டை, கட்டாயமில்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. பிளாக்கில் உட்கார்ந்து எழுவதற்காக மாதக்கணக்கில் முதுகை வருத்தியிருந்தேன்.

அறுபது மீட்டர் வரை நன்றாகத்தான் ஓடினேன். அப்புறம் வலது தொடையின் பின்பக்கம் யாரோ கம்பால் அடித்ததுபோல் இருந்தது. நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். வேகமாக ஓடும்போது கால் முன்னால் வீசி இறங்கும் கணத்தில்தான் அந்தத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது, பெரும்பாலும் அங்கேதான் கிழிகிறது என்று பிறகு பிசியோ விளக்கினார். வயதாக ஆக வேகத்துக்கான தசை நார்கள் குறைகின்றன. அதனால் வேக ஓட்டத்துக்கு அப்புறம் எங்கள் வயதில் இரண்டு முழு நாளாவது இடைவெளி வேண்டும். நானோ நீண்ட பயணத்தின் களைப்பு தீருவதற்குள் ஓடியிருந்தேன். பிற்பகல் ஈட்டியிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். என் கையில் மிகவும் வருவது ஈட்டிதான். அதற்காகத்தான் இன்றும் மனசு ஆறவில்லை.

என் ஹீட்ஸில் ஓடிய ஜெர்மன்காரப் பெண் ஒருவர் தன் பையிலிருந்து கட்டுத் துணி எடுத்துச் சுற்றிவிட்டு, டிராம் நிறுத்தம் வரை கூடவே நடந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. மறுநாள் தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தேன், 160 யூரோ, அன்றைய கணக்கில் சுமார் பதின்மூன்றாயிரம் ரூபாய். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம், எடுத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் விளையாட்டுப் போட்டியில் கலந்துகொள்ளும்போது ஏற்படும் காயம் அதில் சேராது என்று உள்ளே பொடி எழுத்தில் இருந்தது. காப்பீடு எடுக்கும்போதே போட்டிக் காயமும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மிச்சமிருந்த நாட்களில் அறையில் அடைந்து கிடந்தால் மனம் ஒடிந்துவிடும் என்று ஸ்டேடியத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஹரியானாவின் பகவானி தேவி அம்மா தொண்ணூற்று நான்கு வயதில் 100 மீட்டரை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியதும், குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கியதும் அந்தப் போட்டியில்தான். ஒரே ஆள், ஓட்டமும் எறிதலும். என் குண்டு எறிதல் நாள் வந்தபோது, ஓடாமல், சறுக்காமல், நின்ற இடத்திலிருந்தே எறிகிறேன் என்று முடிவு செய்தேன். கிளினிக்கில் கேட்டபோது வலி கூடினால் நிறுத்திவிடச் சொல்லியிருந்தார்கள். ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிற்று. பட்டியலில் கடைசிப் பக்கம்தான். ஆனால் இந்தியா என்று எழுதிய பனியனோடு அந்த வட்டத்துக்குள் நின்று எறிந்ததில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. திரும்பும்போது விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டேன். முன்கூட்டிச் சொன்னால் இலவசமாகவே தருகிறார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். கால் மடக்கி நீட்ட நடைபாதை ஓரத்து இருக்கையும் கேட்டு வாங்குங்கள்.

ஊரில் பிசியோவுக்கு ஒவ்வொரு முறையும் நானூறு ரூபாய், குணமாகப் பல மாதம் ஆயிற்று. அந்த ஓய்வில்தான் வயதுக் கணக்கீட்டு அட்டவணைகளை உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் வயதுக்கான உலகத் தர அளவோடு உங்கள் நேரத்தையோ தூரத்தையோ ஒப்பிட்டு எத்தனை சதவீதம் என்று சொல்கிற கணக்கு அது. பல போட்டிகளில் ஆடுபவருக்கு இதைவிட உதவியான கருவி இல்லை. எனக்கு ஈட்டியில் வந்த சதவீதம் 100 மீட்டரைவிட நிறையவே கூட. உள்ளூர் மீட்களில் இப்போதும் நான்கிலும் இறங்குகிறேன், அந்தப் பன்முக ஆட்டம்தான் எனக்கு உயிர். தூரப் பயணம் என்றால் ஈட்டியும் குண்டும் மட்டும், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி இருந்தால் நீளம் தாண்டுதல். 2026 உலகப் போட்டி தென்கொரியாவின் தேகு நகரில் என்று அறிவித்ததும் முதலில் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சேர்த்தேன், அப்புறம் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். பயிற்சித் திட்டத்தை அதற்கப்புறம்தான் பயிற்சியாளரோடு உட்கார்ந்து எழுதினோம்.